கெட்டிமேளத்துக்கு வந்த கோச்சி

மூன்றே விரல்களால் ஒரு மேளக் கோஷ்டியையே வேலை வாங்கிய மனிதர் முள்ளியவளையில் ஒருவர்தான் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் டைனமோ அண்ணை.

மலைநாட்டில் இருந்து வந்து, சந்தியில் சைக்கிள் திருத்தியவர். அவரிடம் ஓர் ஓர்கன் இருந்தது. பலகை மாதிரி நீளம், பூசணிக்காய்ப் பாரம்கூட இல்லை. இடது கையால் மூன்று கட்டைகளை அழுத்திப் பிடிப்பார். அவ்வளவுதான்! உள்ளே இருந்து மேளம் அடிக்கும், கிற்றார் அதிரும், இன்னும் என்னென்னவோ கூடி ஊதும். வலது கை பாட்டை மட்டும் பார்த்துக்கொள்ளும். முதல் நாள் நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன்.

“என்னக்கா தேடுறீங்க?”

“மற்ற ஆக்களை.”

கரண்டும் பற்றரியும் இல்லாத சண்டைக் காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து ஓர்கனுக்கு வயர் போகும். சுற்றுகிறவர் மூக்கைச் சொறிந்தால் சங்கீதம் செத்துப்போகும். பொத்தான்களில் இருந்த இங்கிலீசை அவருக்கும் வாசிக்கத் தெரியாது. அதனாலேயே எனக்கு அவரை இன்னும் பிடித்தது. தாளங்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார்: இது குதிரை, இது மழை, இது ரயில் ஓடுகிற கோச்சி.

என் மூத்தவளின் கலியாணத்துக்குப் பேசியிருந்த மேளகாரர், பாதை பூட்டியதால் வரமுடியாமல் நின்றுவிட்டார்கள். ஒட்டுசுட்டானில் இருந்து வந்திருந்த சம்பந்தி கதிரையை விட்டு எழும்பினார்.

“கெட்டிமேளம் இல்லாமல் என்ரை பெடியன் தாலி கட்டமாட்டான். சொல்லிப்போட்டன்.”

நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். அந்த நேரம் சைக்கிளும் ஓர்கனுமாகப் பந்தலுக்குள் வந்து நின்றார் டைனமோ அண்ணை.

“அழாதீங்கக்கா. மழைய வேகமா விட்டா மேளம்தான்.”

சுற்றுவதற்கு என் தம்பி. அண்ணை மூன்று விரலை வைத்ததும் பந்தலே அதிர்ந்தது. சம்பந்தி மெதுவாக உட்கார்ந்தார். ஐயர் கையை உயர்த்திக் “கெட்டிமேளம்!” என்றார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். எல்லோரும் பூவும் அரிசியும் எறிந்தோம். எல்லோரும் என்றால், என் தம்பியும்தான்! பெடலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும்.

சத்தம் நின்றது. மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. அண்ணையின் மூன்று விரல்கள் மட்டும் கட்டையை விடவில்லை.

“அட விசரா!” என்று தம்பியைத் தள்ளிவிட்டு, கட்டியிருந்த பட்டுச் சேலையோடு நானே பெடலில் பாய்ந்தேன். சுற்றினேன் பாருங்கள், சில்லின் கம்பிகளே கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒருமுறை நின்றால் அந்தப் பெட்டி எல்லாவற்றையும் மறந்து, முதல் பொத்தானில் இருந்துதான் தொடங்கும். முதல் பொத்தான், கோச்சி.

ஜிக்கு புக்கு, ஜிக்கு புக்கு! எங்கள் பக்கம் கோச்சி ஓடாமல் வருடக்கணக்கு. அன்றைக்கு மணவறையைச் சுற்றி ஓடியது.

சம்பந்தி வாயைப் பிளந்தார். “உது கோச்சி எல்லோ?”

“ஓம்! நிக்கமுன்னம் கட்டச் சொல்லுங்கோ!”

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “கட்டு மோனை, கெதியாக் கட்டு!”

மூன்று முடிச்சும் விழுந்த பிறகுதான் நான் பெடலை விட்டேன். அண்ணையிடம் கேட்டேன்:

“சத்தமே நிண்டுபோச்சு, நீர் ஏன் விரலை எடுக்கேல்லை?”

“யாராச்சும் சுத்துவீங்கன்னு தெரியும்க்கா.”

இப்போதும் கலியாண வீடுகளில் கெட்டிமேளம் முழங்கும்போது, அதற்குள் ஒரு சைக்கிள் சில்லு சுற்றுகிற சத்தம் கேட்கிறதா என்று என் காது தேடும்.