கோலாவில் மிதந்த தேசிக்காய்த் துண்டு

யாழ்ப்பாணத்து மருமகன்மார் யாரும் குடிப்பதில்லை, மாமனார் அதே அறையில் இருக்கும்வரை. (மாமனார்மாரும் அப்படித்தான்.) இந்த மரியாதைக்கு நடுவே பிரெஞ்சுச் சட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

வருடக்கணக்காக யார் யாருடைய கடைகளிலோ கோப்பை கழுவிய பிறகு அக்காவும் அத்தானும் பிரான்சில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் சொந்தமாக ஓர் உணவகம் திறந்தார்கள். அங்கே மது பரிமாற வேண்டுமென்றால் ஒருவர் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுக்க வேண்டும். "நீதானே படிச்சனி, போ" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். நான் அதுவரை மதுவை வாயில் வைத்ததே இல்லை.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே குடிவெறியில் இருப்பவருக்கும் கொடுக்கக் கூடாது. எங்கள் உரிமத்துக்குச் சாப்பாட்டோடு மட்டும்தான் கொடுக்கலாம். வகுப்பெடுத்த அம்மணி இவ்வளவும் சொல்லி முடிக்க, நான் கையைத் தூக்கி, "ஒரு மட்டன் றோல் சாப்பாட்டில் சேருமா?" என்று கேட்டேன். றோல் எவ்வளவு பெரிது என்று அவர் கேட்டார். கையால் காட்டினேன். அவரும் குழம்பினார், நானும் குழம்பினேன். ஒன்று மட்டும் மண்டையில் ஆணி அடித்ததுபோல ஏறியது: சிறுபிள்ளை வாயில் மது போனால் மாட்டுவது நான். கடையையும் மூடிவிடலாம்.

முதல் பெரிய விருந்து எங்கள் ஊர் யூட் அண்ணையின் மகள் தேவாலயத்தில் முதல்முறை நற்கருணை வாங்கிய முதல்நன்மை நாளுக்கு. மதியச் சாப்பாடு, கடை நிறையப் பிள்ளைகள். யூட் அண்ணை மெல்ல என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, மாமா இருக்கிறார். கோலாவுக்கை கொஞ்சம் விஸ்கி விட்டுத் தாங்கோ. பாத்தால் தெரியக்கூடாது."

அவர் போனதும் அந்த மாமாவே வந்தார். "பிள்ளை, மருமகன் காணக்கூடாது. என்னிலை நல்ல மதிப்பு வைச்சிருக்கிறவன். கோலாவுக்கை..."

பின்னாலேயே யூட் அண்ணையின் மனைவி. அவவுக்குக் கணவரும் காணக்கூடாது, தகப்பனும் காணக்கூடாது. பிறகு சித்தப்பாமார் வரிசை. கடைசியில் மேசையெல்லாம் ஒரே மாதிரிக் கோலாக் கிளாஸ்கள். நான் என்ன மடைச்சியா? விஸ்கி கலந்த கிளாஸுக்கு மட்டும் அடையாளமாக எலுமிச்சைபோல் புளிக்கும் தேசிக்காயில் ஒரு துண்டு போட்டிருந்தேன்.

கேக் வெட்ட எல்லாரும் எழும்பினார்கள். கிளாஸ்களைக் கண்ட கண்ட மேசையில் வைத்துவிட்டுப் படத்துக்கு நின்றார்கள். நான் பிள்ளைகளின் மேசையைப் பார்த்தேன். அங்கே ஒவ்வொரு கிளாஸிலும் தேசிக்காய்த் துண்டு!

"அத்தான், இது ஆர் போட்டது?"

"நான்தான். பிள்ளையளின்ரை கிளாஸும் வடிவாய் இருக்கட்டுமெண்டு."

ஐயோ! எது கோலா, எது விஸ்கி? ஓடிப்போய்க் கிளாஸ்களை எல்லாம் அள்ளினேன். மணந்து பார்த்தால் ஆட்டிறைச்சிக் கறி மணம் மட்டும்தான். வேறு வழியில்லாமல் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். கசந்தது. இது விஸ்கியா, காற்றுப் போன கோலாவா? விஸ்கியின் ருசி தெரிந்தால்தானே! உறுதிப்படுத்த இன்னொரு மிடறு. அடுத்த கிளாஸ். அதற்கடுத்தது. சோதனை போகப் போகச் சுவர்கள் மெல்ல அசையத் தொடங்கின. எது எது என்று முன்பைவிடக் குழம்பிப்போனேன்.

"ஒருத்தரும் குடிக்காதேங்கோ!" என்று கத்தினேன். "யூட் அண்ணை, இது உங்கடை விஸ்கி! ஐயா, இது உங்கடை! அண்ணி, உங்கடையை நான் முடிச்சிட்டன்!"

மாமனார் மருமகனைப் பார்த்தார். மருமகன் மனைவியைப் பார்த்தார். வெள்ளை உடுப்போடு நின்ற மகள் என்னைப் பார்த்து, பிரெஞ்சில், மிகத் தெளிவாகச் சொன்னாள்: "பப்பா, மடாம் குடிவெறியில் இருக்கிறார்."

என் அக்கா ஓடிவந்து என்னைப் பிடித்தாள். "விசரி! பிள்ளையள் ஒண்டும் கோலாவைத் தொடேல்லையடி. தேசிக்காய் புளிக்குமெண்டு சொல்லி என்னட்டை அப்பிள் ஜூஸ் வேண்டிக் குடிச்சதுகள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை தப்பியதே என்ற சந்தோசத்தில் கேக்குக்குப் பக்கத்தில் நின்று விக்கி விக்கி அழுதேன்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "சரி, இனி ஆருக்கு ஒளிக்கிறது? பிள்ளை, எனக்கும் மருமகனுக்கும் ரெண்டு விஸ்கி கொண்டா."

நான் கண்ணைத் துடைத்து நிமிர்ந்து நின்றேன். "ஏலாது ஐயா. வெறியிலை இருந்தால் குடுக்கக்கூடாது. சட்டம்."

"நாங்கள் நிதானமாய்த்தானே இருக்கிறம்?"

உண்மைதான். குடிக்கிறவர் வெறியில் இருந்தால் என்ன செய்வதென்று படித்திருந்தேன். கொடுக்கிறவள் வெறியில் இருந்தால் என்ன செய்வதென்று அந்த அம்மணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யோசித்தபடியே கதிரையில் இருந்தேன். அப்படியே நித்திரையாகிவிட்டேன்.

இப்போது அந்த மாமனாரும் மருமகனும் எங்கள் கடையில் எதிரெதிரே இருந்து வெளிப்படையாகவே குடிக்கிறார்கள். "கோலா வேண்டாம் பிள்ளை, அது உனக்கு ஒத்துவராது" என்பார் பெரியவர். குடிவெறி பற்றிய பிரெஞ்சு அறிவித்தல் ஒன்றைச் சட்டப்படி சுவரில் ஒட்டியிருக்கிறோம். புதிதாக வருகிற எங்கள் ஆட்கள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், அத்தான் விரல் வைத்து வரிவரியாக வாசிப்பதுபோல் பாவனை செய்து தமிழில் சொல்வார்: "எங்கடை மச்சாளுக்கு ஒருத்தரும் கோலா வேண்டிக் குடுக்கக்கூடாதாம். குடுத்தால் கடையை மூடிப்போடுவாங்களாம்."