ஆறாம் வகுப்புக்கு மூன்று பாடத்திட்டம்

“அப்பா, பனி மனுசன்னா ஆருங்க?”

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த யோபுவின் கால் நின்றுவிட்டது. மகள் சலோமி நீட்டிய புத்தகத்தில், வெள்ளையாக உருண்டு திரண்ட ஓர் ஆசாமி தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தான். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் கேரட்.

“அந்த ஊர்க் காவக்காரனாட்டம் இருக்குது சாமி. அடுத்த பக்கம் போ.”

அடுத்த பக்கம் முழுக்க இங்கிலீஷ். யோபுவின் இங்கிலீஷ் ‘காலர்’, ‘பட்டன்’ என்பதோடு முடிந்துவிடும்.

பனமரத்துப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிற்றூரில் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மேலே படிக்க ஏழு மைல் போக வேண்டும். பஸ் வருவதோ காலை பத்தரைக்கு. நிற்பதா வேண்டாமா என்பது டிரைவரின் அன்றைய மனநிலை. ஐந்து முடித்த பிள்ளைகள் எல்லாம் ஆடு மேய்க்கப் பதவி உயர்வு பெற்றார்கள். ஒரே மகளுக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று யோபு நிஜமாகவே பயந்தார். வீட்டிலேயே படிக்க வைத்து, எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுத வைப்பது என்று 1978 ஜூனில் முடிவெடுத்தார். ஊரில் ஒரே கிறிஸ்தவக் குடும்பம் அவர்களுடையது. ஆகவே வேதமும் கலந்த பாடத்திட்டமாக வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

சேலத்துப் போதகர் ஒன்றுக்கு மூன்றாகக் கொடுத்துவிட்டார். சீமைக்குத் திரும்பிய மிஷன் அம்மா விட்டுப்போன ஒரு டிரங்குப் பெட்டிப் புத்தகங்கள். தபாலில் வரும் வேதபாடம். போதகரின் தகப்பனார் காலத்து வினாவிடைப் புத்தகம்.

“இதுல எது நல்லதுங்க ஐயா?”

“ஜெபம் பண்ணித் தேர்ந்தெடுங்க” என்று போதகர் நழுவிவிட்டார்.

யோபு ஜெபம் பண்ணிவிட்டு, கனமாக இருந்த டிரங்குப் பெட்டியை எடுத்தார்.

மூன்றாம் நாள் குப்பாயியும் மாரக்காளும் வாசலில் வந்து நின்றார்கள். சலோமியோடு ஐந்தாவது படித்தவர்கள். பின்னால் அவர்கள் மேய்க்கும் ஆடுகள்.

“பனி மனுசனைப் பாக்க வந்தோமுங்க.”

ஒரு வாரத்தில் எட்டுப் பிள்ளைகள், பதினோரு ஆடுகள். பிள்ளைகள் படம் பார்த்தார்கள். ஆடுகள் சென்னியப்பனின் புதுச் சட்டையில் ஒரு கையைத் தின்றுவிட்டன. சென்னியப்பன் பக்கத்துச் சோளக்காட்டுக்காரர்.

“ஏம்ப்பா யோபு, முழுச் சட்டைக்குத் துணி குடுத்தா முக்காச் சட்டை தர்றயே?”

யோபுவின் மனைவி சாராள் யோசனை சொன்னாள். “படம் இருக்கறதுனாலதான் கூட்டம் வருதுங்க. படமில்லாத பாடமாப் பாத்து எடுங்க.”

தபால் பாடத்துக்கு மாறினார். அதில் படமில்லை; கதை இருந்தது. சிறுவன் தாவீது கவணால் கல்லெறிந்து ராட்சதன் கோலியாத்தை வீழ்த்திய கதையை யோபு கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லிவிட்டார். சோளக்காட்டில் கிளி விரட்டுகிற ஊர் அது; கவண் இல்லாத பிள்ளையே கிடையாது. மறுநாள் பதினான்கு பேர் கவணோடு ஆஜர். மத்தியானத்துக்குள் சென்னியப்பன் வீட்டுக் கூரையில் ஆறு ஓடு போயிற்று.

“கோலியாத்து அங்கதான் ஒளிஞ்சிருந்தானுங்க” என்றாள் குப்பாயி.

“உத்தரவு இல்லாம பள்ளிக்கூடம் நடத்தறே. ஜீப்புல வந்து புடிச்சுட்டுப் போகப் போறாங்க, பாரு” என்று சென்னியப்பன் சொல்லிவிட்டுப் போனார். யோபுவுக்குச் சோறு இறங்கவில்லை.

இனி வினாவிடைதான். படமும் கிடையாது, கதையும் கிடையாது. நூறு கேள்வி, நூறு பதில். சொல்லித் தந்த யோபுவே இரண்டு முறை தூங்கிப்போனார். ஒரு குழந்தைகூட நிற்காது என்று நிம்மதியாக எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது பேர் இருந்தார்கள்.

சாயங்காலம் குப்பாயியின் அம்மா பெருமாயி வந்தாள். “ஏனுங்க, எம்புள்ள நூறு கேள்வியையும் ஆட்டுக்குச் சொல்லிக் குடுக்குதுங்க! இனிமே நாள் பூராவும் இங்கயே இருக்கட்டுமுங்க.”

செப்டம்பரில் ஒரு காலை, ஜீப் சத்தம் கேட்டது.

யோபு பதறி எழுந்தார். “எல்லாரும் சோளக்காட்டுக்குள்ள ஓடுங்க! நானே கூப்பிட்டாலும் வெளிய வரப்படாது!”

ஜீப்பிலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரும், கையில் ஃபைலோடு பியூன் செல்லமுத்துவும் இறங்கினார்கள்.

“இங்க எத்தனை புள்ளைங்க படிக்குது?”

“எம்பொண்ணு ஒருத்திதானுங்க. சத்தியமா வேற ஆருமே இல்லீங்க.”

இன்ஸ்பெக்டரின் முகம் வாடியது. “ஒன்னுதானா? இருபது பேர் இருந்தா இந்த ஊருக்கே ஆறாம் வகுப்புத் தரலாம்னு வந்தேன். காலாண்டு லீவு முடிஞ்சதும் வாத்தியாரை அனுப்பியிருப்பேன். சரி, வர்றேன்.”

யோபு ஓடிப்போய் ஜீப்பை மறித்துக்கொண்டு நின்றார். “சாமி, பொய் சொல்லிப்போட்டனுங்க! டேய் புள்ளைங்களா, வெளிய வாங்க!”

சோளம் அசையவில்லை.

“நாந்தான் கூப்பிடறேன், வாங்க கண்ணுங்களா!”

“நீங்க கூப்பிட்டாலும் வரப்படாதுன்னீங்களே!” என்று காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

யோபு தலையில் கை வைத்துக்கொண்டார். அழுகை வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சலோமி நிதானமாக வரப்பில் ஏறினாள். பாவாடை மடிப்பிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தாள்.

“குப்பாயி!”

“உள்ளேனுங்க!” சோளத்துக்கு மேல் ஒரு தலை எழும்பியது.

“மாரக்காள்!”

“உள்ளேனுங்க!”

பத்தொன்பது தலைகள். கடைசியில் தன் பெயரையும் தானே வாசித்து, தானே “உள்ளேன்” என்றாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே ஃபைலை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். “இருபது சரியா இருக்குது. ஆறாம் வகுப்பு உண்டு.”

யோபு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் அந்த நோட்டு அவருக்கு உறைத்தது. அதில் ஜூன் மாதத்திலிருந்து தேதி போட்டுப் பெயர்கள் இருந்தன.

“இது எதுக்கு சாமி உனக்கு?”

சலோமி நோட்டை மூடிப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டாள். பியூன் செல்லமுத்துதான் குனிந்து, யோபுவின் காதருகே சொன்னார்:

“பொண்ணைக் கோவிச்சுக்காதீங்க. ஆபீசுக்கு மனுப் போட்டதே அதுதானுங்க. ‘எங்கப்பா எந்தப் பாடத்தை மாற்றினாலும் ஆள் குறையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், சீக்கிரம் வரவும்’னு எழுதியிருந்துச்சுங்க.”