ஏலக்காய் மாலையும் எனாமல் ஜீப்பும்

ஒரு கல்யாண மண்டபத்தையே நாற வைத்தவள் நான். சாப்பாட்டில் உப்பு குறைந்தது, வேன் வராமல் போனது என்று எல்லாக் கல்யாணத்திலும் ஒரு குறை இருக்கும். எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணத்துக்கு அந்தக் குறையை நான் ஒருத்தியே தனியாக நின்று தயாரித்துக் கொடுத்தேன்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குட்டிக் கார் கட்டுகிற பைத்தியம். கடையில் தொங்கும் பொம்மைக் கார் இல்லை. நிஜ வண்டியை இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கி, நூறு பிளாஸ்டிக் துண்டுகளாக்கி, டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். அதை வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்து நாம் வண்டியாக்க வேண்டும். (முழுசாக வாங்கினால் இந்தத் தொல்லை இல்லையே என்று அப்பா கேட்டார். இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.) என் கல்யாணத்துக்கு முன் மதுரையில் பல்செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்த்தேன். மெல்லிய அரம், ஊசிமுனைக் கத்தி, குட்டி பிரஷ் எல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பகலில் பல், சாயங்காலம் பம்பர் என்று காலம் சுகமாக ஓடியது.

பிறகு கல்யாணமாகி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு ஜீப்பு டப்பாவை சூட்கேஸில் ஒளித்துக் கொண்டுவந்தது என் கணவர் பிரபுவுக்கு மட்டும் தெரியும். அவர் அம்மாவான அத்தைக்குத் தெரியக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். மாமா இறந்த பிறகு ஒற்றை ஆளாக நின்று தோட்டத்தை நடத்துகிறவர் அத்தை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு காயை முகர்ந்து, எந்தச் சரிவில் பறித்தது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் போய், "அத்தை, நான் ரூமுக்குள்ள உக்காந்து பொம்மைக்குக் கதவு ஒட்டிக்கிட்டிருக்கேன்" என்று எந்த வாயால் சொல்வது?

வாரத்துக்கு ஒருமுறை சாமான் வாங்கப் போடிக்கு இறங்குவோம். பிரபு உரக்கடைக்குப் போனதும் நான் பெயின்ட் கடைக்குள் நுழைந்துவிடுவேன்.

"எத்தன லிட்டரும்மா?" என்றார் கடைக்காரர்.

"இருக்கதுலயே சின்ன டப்பா எதுண்ணே?"

"அம்பது மில்லி. கதவுக்கா, கேட்டுக்கா?"

"ஜீப்புக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஜீப்புக்கு அம்பது மில்லி எந்த மூலைக்குத்தா பத்தும்?"

"சின்ன ஜீப்புண்ணே."

"எம்புட்டுச் சின்னது?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவர் டப்பாவையும் ஒரு பாட்டில் தின்னரையும் எடுத்து வைத்தார். பக்கத்தில் நின்ற பையனிடம், "மலையில குளிரு சாஸ்திடா" என்றார்.

அவர் கொடுத்த தின்னரைக் கலந்து அடித்ததில் ஜீப்பின் வலது கதவு உருகி என் விரலோடு வந்துவிட்டது. இந்தப் பிளாஸ்டிக்குக் கடுமையான தின்னர் ஆகாது, எனாமலும் டர்பன்டைனும்தான் ஆகும் என்பதை ஒரு கதவைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி வேறு கதவு செய்தேன். துண்டுகளை நறுக்க நகவெட்டி, தேய்க்க உப்புத்தாள், ஜன்னல் ஓரத்துக்குக் கண்மை பிரஷ். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரைக்கூட ஒருநாள் ஆசையாகப் பார்த்தேன். (அடித்திருந்தால் ஜீப்போடு சேர்த்து என்னையும் பச்சையாகத்தான் கண்டெடுத்திருப்பார்கள்.) எங்கள் தோட்டத்து ஜீப்பின் பச்சை கடையில் கிடைக்கவில்லை. கேட்டுக்கு அடிக்கிற பச்சையில் மஞ்சளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, பதினோராவது தடவையில் அந்தப் பச்சையைப் பிடித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் எங்கள் மலைக்கே அடங்காது.

இந்த நேரத்தில்தான் கல்யாணம் வந்தது. சிலமலையில் இருக்கும் அத்தையின் தம்பிக்கு ஒரே மகள், கவிதா. மணமக்களுக்கு ஏலக்காய் மாலை போடுவது அத்தையின் பொறுப்பு. அதில் ஒரு பழைய கணக்கும் இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு அத்தை தன் கையால் பாயசம் வைத்திருந்தார். தம்பி பொண்டாட்டி வசந்தா அதைக் குடித்துவிட்டு, நாலு பேர் கேட்க, "ஏலக்காத் தோட்டத்துக்காரவுக பாயசம்னாக. ஏலக்காவத்தான் காணோம்" என்று சொல்லிவிட்டார். அத்தை அந்த இடத்தில் சிரித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பிரபுவிடம், "மாலை போடுறன்னைக்கு மண்டபமே மணக்கணும்டா" என்றார்.

அதற்காகச் சரிவு முழுக்கத் தேடி, ஒரே அளவாக, ஒரே பச்சையாகக் காய் பறிக்க வைத்தார். பறித்த காயை உலர்த்துவதற்கு எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டடம் உண்டு, ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பில் விறகு எரியும், உள்ளே இரும்புக் குழாய் சுடும், வலைத்தட்டுகளில் பரப்பிய காய் மெல்ல மெல்லக் காயும். சூடு கூடினாலும் குறைந்தாலும் பச்சை போய்விடும். யாரையும் நம்பாமல் அத்தையே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை அது. மாலைக்கான காய் ஸ்டோருக்குள் போக வேண்டிய அன்று அவருக்குக் கடும் சளி. மூக்கு மொத்தமாக அடைத்துக்கொண்டது.

"ஏத்தா, இன்னைக்கு நீயே பாரு. என் மானமே உள்ள கெடக்கு" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போர்வைக்குள் போனார். அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதத்தில் அவர் என்னை நம்பிக் கொடுத்த முதல் சோலி அது. சாவியை வாங்கும்போது நிஜமாகவே கண் கலங்கியது.

கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்து நான் செய்ததைப் பாருங்கள்.

மலையில் அப்போது விடாத மூடுபனி. ஜீப்புக்கு எனாமல் அடித்து ஆறு நாள் ஆகியும் தொட்டால் விரல் ஒட்டியது. வெளிநாட்டில் குட்டிக் கார் கட்டுகிறவர்கள், பழம் உலர்த்தும் சின்ன மின்பெட்டிக்குள் காரை வைத்துப் பெயின்டைக் காய வைப்பார்களாம், போனில் படித்தேன். அவர்கள் வைத்திருப்பதோ ஒரு பெட்டி. எனக்கோ ஒரு கட்டடமே இருக்கிறது, சாவியும் இடுப்பில் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய வசதி படைத்த கார்காரி நான்தான் என்று தோன்றியது. ஜீப்பை எடுத்துப் போய், யார் கண்ணிலும் படாமல் எல்லாவற்றுக்கும் கீழே இருந்த தட்டில் வைத்தேன். சூடு கீழிருந்து மேலே போகும் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறேன். அந்தப் பாடத்தில் நல்ல மார்க்கும் வாங்கினேன்.

மறுநாள் ஸ்டோரைத் திறந்தபோது ஜீப்பு அபாரமாக இருந்தது. ஒரு தூசி இல்லை, ஒரு ரேகை இல்லை. மேலே காயும் பச்சைப் பசேலென்று இருந்தது. டர்பன்டைன் வாசம் லேசாக அடித்தது. அது ஜீப்பின் வாசம் என்று நினைத்துக்கொண்டேன். பல மாதம் அதிலேயே புழங்கி என் மூக்கு செத்துப் போயிருந்தது. நானே காயைப் பொறுக்கி, பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். பிரபு போடிக்குக் கொண்டுபோய் மாலை கட்டுகிறவரிடம் சேர்த்தார். அவராவது முகர்ந்து பார்த்திருக்கலாம். ஆனால் அவர் கடைக்கு அடுத்த கடை, நமது பெயின்ட் கடை. நாள் முழுக்க அந்த வாசத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

கல்யாணத்தன்று மாலைகள் கவர் பிரிக்காமல் நேராக மேடைக்கே வந்தன. சரிகை வைத்துக் கட்டிய பச்சை மாலைகளைப் பார்த்துக் கூட்டமே எட்டிப் பார்த்தது. அத்தை முகத்தில் வெளிச்சம். வசந்தாவைத் தேடிப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தார். மாலை மாற்றினார்கள். மேலே வீடியோ லைட்டு, எதிரே ஓமகுண்டம். ஏலக்காய் சூடாகத் தொடங்கியது.

முதலில் ஐயர் மந்திரத்தை நிறுத்தி, நெய்க் கரண்டியைத் தள்ளி வைத்தார். "எங்கேயோ பெயின்ட் வாசனை வர்றது. நெருப்பு இருக்கு, பார்த்துக்கோங்கோ" என்றார். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து வேட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மண்டபத்து மேனேஜர் ஓடிவந்து தூணைத் தொட்டுப் பார்த்தார். அத்தை சொன்னது பலித்துவிட்டது; மண்டபமே மணந்தது.

அப்போது மாப்பிள்ளை தும்மினார்.

தாலி கட்டுகிற நேரத்தில் ஒற்றைத் தும்மல். மேளக்காரர்கூட கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். அடுத்து இன்னொன்று வந்தது. "ரெட்டைத் தும்மல் நல்லதுதே" என்று யாரோ சொல்ல, எல்லோரும் மூச்சு விட்டார்கள். மூன்றாவது வந்தது, மறுபடி மூச்சைப் பிடித்தார்கள். நாலு, சரி. ஐந்து, ஐயோ. இப்படி மண்டபமே சேர்ந்து எண்ணிக்கொண்டு போக, மாப்பிள்ளை ஏழில் நின்றுவிட்டார். எட்டாவதுக்காக எல்லோரும் அவர் மூக்கையே பார்த்தோம். பாவம், அவரும் முயற்சி செய்தார். வரவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கவிதா தும்மினாள்.

"எட்டு" என்றார் அத்தை, மேடையின் ஓரத்திலிருந்து. "பொண்ணும் மாப்ளையும் ஒண்ணுதான? சேத்து எண்ணுங்க. நீங்க வாசிங்கப்பா."

மேளம் அடித்தது, தாலி ஏறியது. ஆனால் வசந்தா சும்மா இருக்கவில்லை. மேடைக்கு வந்து, மகள் கழுத்து மாலையை எடுத்து முகர்ந்தார். "மதினி, வாசம் மாலையிலருந்துதே வருது" என்றார். இதைச் சொல்ல அவர் மைக் எதுவும் கேட்கவில்லை. அவர் குரலுக்கு அது தேவையும் இல்லை.

கையிலிருந்த வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தேன். கீழ்த்தட்டு ஜீப்பின் வாசம் சூட்டோடு மேல்தட்டுக் காய்க்குள் ஏறியது அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. அத்தையின் காதோரம் போய், "அத்தை, ஸ்டோருக்குள்ள நான் ஒரு ஜீப்பு வச்சேன். நான்தான் காரணம். சொல்லிர்றேன்" என்றேன். 

"வாய மூடிக்கிட்டு நில்லு" என்றார் அத்தை. பிறகு வசந்தாவின் பக்கம் திரும்பினார். "பூச்சி பிடிக்காத மருந்து வசந்தா. ஏலக்கா மாலைன்னா வருசத்துல பூச்சி விழுந்துரும்ல? இது பேரன் காலம் வரைக்கும் கெடக்கும். மேல போட்டதும் கொஞ்ச நேரம் வாசம் வரத்தான் செய்யும்."

"சொல்லவேயில்லயே மதினி."

"எல்லாத்தையுமா சொல்லிக்கிட்டிருப்பாக" என்று சொல்லியபடியே மாலைகளைக் கழற்றி மடித்துத் தட்டில் வைத்தார். பூமாலை ஏறியது. ஐயர் நிம்மதியாக நெய் ஊற்றினார்.

கல்யாணம் முடிந்து ஜீப்பில் மலையேறினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இப்போது திட்டுவார், இப்போது திட்டுவார் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நானே, "அத்தை, என்னய வஞ்சிருங்க" என்றேன்.

"வஞ்சா வாசம் போயிருமா?" என்றார். பிறகு, "போன மாசம் உன் கட்டிலுக்கு அடியில ஒரு சக்கரம் கெடந்துச்சு. சுண்டைக்கா அளவு. எடுத்து உன் மேசையில வச்சேன், பாத்தியா?" என்று கேட்டார்.

காணாமல் போய்த் தானாகக் கிடைத்ததாக நான் நினைத்திருந்த சக்கரம். அப்படியென்றால் ஸ்டோர் சாவியைக் கொடுக்கும்போதே அவருக்கு எல்லாம் தெரியும்.

"தெரிஞ்சும் ஏன் அத்தை கேக்கல?"

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். இதுல ஒளிக்க என்னத்தா இருக்கு? சின்னச் சாமானா இருந்தாலும் பதமாச் செஞ்சிருக்க."

"அங்கன எல்லார் முன்னாடியும் என்னயச் சொல்லிருக்கலாம்ல. உங்க பேருதான கெட்டுச்சு."

"உன்னய விட்டுக் குடுத்தா என் வீட்டையே விட்டுக் குடுத்த மாதிரி" என்றார். அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டார். நான் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். என் அம்மா என்னைப் பெற்றதற்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேனோ, அந்த ஒரு வாக்கியத்துக்கும் அவ்வளவு கடன்பட்டிருக்கிறேன்.

அத்தை சொன்ன பொய்யும் வீணாகவில்லை. கவிதா வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்த மாலையில் இன்றுவரை ஒரு பூச்சி விழவில்லை. அத்தையின் தம்பி வருஷா வருஷம் அறுவடை சமயத்தில் போன் செய்து, "அக்கா, அந்த மருந்து ஒரு பாட்டில் குடுத்துவிடு, நெல்லு மூட்டைக்கு வைக்கணும்" என்பார். "ஸ்டாக்கு இல்லப்பா" என்று அத்தை சொல்லிவிடுவார். போன மாதம் கவிதா குழந்தையோடு மலைக்கு வந்திருந்தாள். என் மேசையில் திறந்திருந்த எனாமல் டப்பா பக்கம் வந்தவள், நின்று முகர்ந்து, "அக்கா, இது என் கல்யாண வாசம்ல?" என்றாள். நான் உண்மையைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

இப்போது கூடத்து அலமாரியில் என் கார்கள் பதினான்கு நிற்கின்றன. அவற்றின் பெயின்ட் காய்வதற்குப் பழைய கோழிக்குஞ்சுப் பெட்டியும் ஒரு குண்டு பல்பும் போதுமாக இருக்கின்றன. ஆனால் ஸ்டோரில் அடுப்பு மூட்டுவதற்கு முன் அத்தை தினமும் வாசலில் நின்று, "உள்ள வண்டி இருக்கா?" என்று சத்தமாகக் கேட்பார். வேலையாட்கள் கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "இல்லைங்கம்மா" என்பார்கள். அதற்குப் பிறகுதான் தீப்பெட்டி வெளியே வரும். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே, "எந்தச் சாமிக்கும்மா இது?" என்று கேட்டாள்.

"சாமிக்கில்ல தாயி" என்றார் அத்தை. "எம் மருமகளுக்கு."