என் அறையைக் கேட்ட சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளின் மாமனார் எழுதுவது. நானேதான் எழுதுகிறேன், பேனாவும் என்னுடையது. நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். ஆகையால் சுகமா? நானும் சுகமாகத்தான் இருந்தேன், போன வாரம் உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை.

இந்த ஆளுக்கு எழுதத் தெரியாதே என்று நீங்கள் இப்போது உறையைத் திருப்பிப் பார்ப்பீர்கள். தெரியாதுதான். அறுபத்தெட்டு வயது வரைக்கும் தெரியாது. எட்டு மாடிக் கட்டடத்தில் முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டினேன், எண்கள் மட்டும் தெரியும். வக்கீல் எந்த மாடி, பல் டாக்டர் எந்த மாடி என்று பெயர்ப் பலகையைத் திரும்பிப் பார்க்காமலே சொல்வேன். திரும்பிப் பார்த்தாலும் பிரயோசனமில்லை என்பதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதே லிஃப்டைக் காலையில் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். பென்ஷன் அப்படியே உங்கள் மகள் கைக்குப் போகிறது. இந்த இரண்டு மணி நேரச் சம்பளம் உபரி. அதை எனக்கு மட்டும் செலவழிப்பது என்று முடிவு செய்தேன். முதல் செலவு, நூலகத்து மாடியில் டீச்சரம்மா நடத்துகிற எழுத்து வகுப்பு. வீட்டில் சொல்லவில்லை, சிரிப்பார்கள். எட்டு மாதத்தில் எழுத்தெல்லாம் கைக்கு வந்துவிட்டது சம்பந்தி. மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. எல்லாவற்றிலும் முற்றுப்புள்ளி வைப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. லிஃப்டைத் தரைக்குச் சமமாகக் கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சாப்பாட்டு மேசை மேல் ஒரு கண்ணாடித் தகடு போட்டிருக்கிறது. மறக்கக்கூடாத காகிதமெல்லாம் அதற்கு அடியில் போகும்: மின்சார பில், கேஸ்காரர் நம்பர், டாக்டர் சீட்டு. நீங்கள் வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற ரயிலின் நேரம் உங்கள் கடிதத்தின் முதல் வரியில் இருந்ததால் உங்கள் மகள் அதையும் அங்கே செருகிவைத்தாள். கீழே எழுதியிருப்பதை நான் பார்ப்பேனே என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கக் காரணமுமில்லை. லிஃப்டில் ஏறுகிறவர்களும் நான் அங்கே நிற்பதை மறந்துவிட்டுத்தான் எல்லா ரகசியத்தையும் பேசுவார்கள். நான் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மூன்று வரி படித்தேன். நான்காவது வரியில் என் தட்டு இருந்தது, அதைத் தள்ளிவைக்க அடுத்த வேளை வரை காத்திருந்தேன். பிறந்ததிலிருந்து யார் துணையும் இல்லாமல் நான் படித்து முடித்த முதல் கடிதம் அதுதான். முழுக்க என்னைப் பற்றியது, ஆனால் எனக்கு எழுதியதில்லை.

பெரியவர் கிரீம் கேக் சாப்பிடுகிறாராம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், சாப்பிடுகிறேன், வெள்ளிக்கிழமை ஒரு துண்டு, பேக்கரியிலேயே நின்று சாப்பிடுகிறேன், ஏனென்றால் ஒருமுறை வீட்டுக்கு வாங்கிவந்தபோது அதை எல்லாருக்கும் பங்கு போட்டு என் பங்கை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் நான் திறந்து பார்த்தபோது அட்டைப்பெட்டியும் ஒரு ஸ்பூனும்தான் இருந்தன. சலூனில் வெந்நீர்த் துண்டு போட்டு ஷேவ் செய்துகொள்கிறாராம், ஆமாம், முகத்தில் சூடான துண்டைப் போட்டு ஒருவர் நம்மைக் கொஞ்ச நேரம் பேசாமல் கிடக்கச் சொல்வது எவ்வளவு பெரிய சுகம் என்று எனக்கு இத்தனை வயதுக்கு மேல்தான் தெரிந்தது, அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் மகள் மோந்து பார்த்துவிட்டு, “என்ன மாமா, பொண்ணு பாக்கப் போறீங்களா?” என்றாள், என் மகன் சிரித்த சிரிப்பில் சாப்பாடு மூக்கில் ஏறிவிட்டது, அவன் முதுகைத் தட்டியதும் நான்தான். பஞ்சுத் தலையணை வாங்கினாராம், வாங்கினேன், அதில் நான் இரண்டு நாள் படுத்தேன், மூன்றாம் நாள் அது காரில் என் மகனுடைய இடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, தினமும் ஆபீஸுக்குப் போய்வருகிறது. படிக்கத் தெரியாத மனுஷனுக்குத் தினசரி பேப்பர் எதற்கு, முகத்தை மூடிக்கொண்டு தூங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் நான் முழுதாக மூன்று வேளை படித்தேன்.

இந்த வீட்டில் ஓடுகிற மெஷின் ஒன்று இருக்கிறது சம்பந்தி, ஏறி நின்று இருந்த இடத்திலேயே ஓடலாம். என் மகன் வாங்கியது. ஒன்றரை வருஷமாக அதில் துணி காய்கிறது. அதை யாரும் ஊதாரித்தனம் என்று சொல்லவில்லை. போன மாதம் நான் நல்ல செருப்பு ஒன்று வாங்கலாமா என்று இருக்கிறேன் என்றேன். “உங்களுக்கு என்னப்பா தேவை இருக்கு? சோறு இருக்கு, ஃபேன் இருக்கு” என்றான். அவன் கெட்டவனில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே நான் எங்கேயும் போகவில்லை. அந்தச் சம்பளத்தில் அவன் படித்தான். எனக்கு ஆசை என்று ஒன்று உண்டு என்பதை அவனுக்கு நான் காட்டியதே இல்லை, அவன் எப்படித் தெரிந்துகொள்வான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, வேலை கிடைத்து இங்கே வரப்போகிற உங்கள் சின்ன மகனுக்கு என் அறையைக் கொடுத்துவிட்டு, பெரியவருக்கு ஹாலில் ஒரு கட்டில் போட்டால் போதும் என்று. அதைப் படித்த வேளையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்தடிக்கு எட்டடி அறை அது. கதவைச் சாத்தினால் சாத்திக்கொள்ளும். என் மனைவி போன பிறகு நான் அழுததும், எட்டு மாதமாக எழுத்துக்கூட்டி வாய்க்குள்ளேயே படித்ததும் அங்கேதான். ஹாலில் போட்டால் நான் என்ன ஆவேன்? சோபாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சோபா ஆவேன். ஆகையால் தெளிவாக எழுதுகிறேன்: என் அறையில் ஒரு சாண் இடம்கூட உங்கள் குடும்பத்தில் யாருக்கும் தர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சாப்பிடுங்கள், போய்வாருங்கள். அறைக் கதவைத் தட்ட வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் சின்ன மகன் வேலையில் நன்றாக முன்னேற ஆசீர்வாதம், வேறு அறையில் இருந்துகொண்டு.

இப்படிக்கு,
உங்கள் மகளின் மாமனார்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)

பி.கு.: மேலே இருப்பதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. இன்று காலை உங்கள் மகள் துடைப்பதற்காகக் கண்ணாடியைத் தூக்கி, காகிதங்களையெல்லாம் நாற்காலியில் வாரிப் போட்டாள். உங்கள் கடிதம் கவிழ்ந்து விழுந்தது. அதற்குப் பின்பக்கமும் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். குனிந்து நின்றபடி படித்தேன். உதடு அசைந்திருக்க வேண்டும்.

“மாமா, என்ன பண்றீங்க?”

“படிக்கிறேம்மா.”

கையில் ஈரத்துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அப்ப முன்பக்கம்?” என்றாள்.

“அதைத்தான் இத்தனை நாளா சோத்தோட சேத்துத் தின்னேன்.”

நீங்கள் எழுதியதை உங்களுக்கே எழுதிக் காட்டுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்: ‘முன்பக்கம் இருப்பதெல்லாம் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல எழுதியது. இப்போது அவள் கடைக்குப் போயிருக்கிறாள். இனி நான் சொல்கிறேன். உன் மாமனார் அறையைத் தொடாதே. என் அறையை உன் அண்ணனுக்குக் கொடுத்து இரண்டு வருஷமாகிறது. ஹாலில் எல்லாரும் டிவியை நிறுத்தினால்தான் எனக்குப் படுக்கை. அந்த மனுஷன் கேக் சாப்பிடுகிறார் என்று நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். பொறாமையாக இருந்தது.’

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு வரியில் வேறு எழுதுங்கள் மாமா என்று உங்கள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். ஒன்பது நாள் உழைப்பு, மனசு வரவில்லை. திட்டு வருகிற இடமெல்லாம் தாண்டிப் படியுங்கள். தாண்டினால் முதலில் கேட்ட ‘சுகமா’ மட்டும்தான் மிஞ்சும், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் துணிமணியோடு வந்து ஒரு மாதம் தங்குங்கள். என் அறையில் இன்னொரு கட்டில் போட இடம் இருக்கிறது, அளந்துவிட்டேன். இந்த மாத உபரியில் அதை வாங்கிவிடுவேன். மெத்தை மட்டும் நீங்கள் வந்த பிறகு. நேரே கடைக்குப் போய் ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்ப்போம், கடைக்காரர் வந்து எழுப்புகிறவரைக்கும்.