கறுப்புத் துணிக்குள் ஒரு கால்

ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், லேப் வேண்டாம். காலை நனைத்தால் போதும்!

நச்சிறக்கும் ஐயா வந்து கடை விரித்த நாளிலிருந்து பேட்டரிப் பட்டறைத் தெருவில் விடிவதற்குள் வரிசை நின்றது. உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் காலை விட்டு உட்கார வேண்டும். உடம்பிலுள்ள நஞ்சு பாதம் வழியாகப் பழுப்பாகக் கசிந்து வரும். கண்ணால் பார்க்கலாம். கண்ணால் பார்த்த பிறகு மூளை எதற்கு? அதைச் செருப்போடு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போனார்கள்.

தொட்டியின் மேல் ஒரு கறுப்புத் துணி. வெளிச்சம் பட்டால் நஞ்சு வெட்கப்பட்டு உள்ளேயே தங்கிவிடுமாம். கடைசியில் துணியை விலக்கித் தண்ணீரைக் காட்டுவார். பக்கத்தில் பட்டுத் துணி மூடிய ஒரு பெட்டி. அதிலிருந்து இரண்டு ஒயர் தொட்டிக்குள் போகும். பெட்டிக்குள் என்ன என்று கேட்டால் வைத்தியம் பலிக்காதாம். அதனால் யாரும் கேட்கவில்லை.

இத்தனையும் பட்டறை முதலாளியின் ஏற்பாடு. ஆட்களுக்கு ஒரு கையுறை வாங்கித் தர வராத மனசு, கால் கழுவிவிட வந்திருந்தது. தெருவே உருகிப் போனது.

தையற்காரியும்தான் உருகினாள். அவள் கணவன் அந்தப் பட்டறையில் பழைய பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, மறுபடி பேட்டரியாக்குகிறவன். ஆறு வயது மகள் கொஞ்ச நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். காலையில் படித்தது மாலையில் மறந்துவிடுகிறது. "ரத்தத்துல ஈயம் இருக்கான்னு பார்த்தே ஆகணும், தள்ளிப் போடாதீங்க" என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு தையல் மிஷின் டிராயரில் தூங்கியது. குழந்தையோ தொட்டியில் உட்கார்ந்தாள். முதலிரண்டு முறை தண்ணீர் பழுப்பு. மூன்றாவது முறை தெளிவு.

"எல்லா நஞ்சும் இறங்கிடுச்சும்மா," என்றார் ஐயா. "இனிமே ஊசி குத்தினா அந்த ஓட்டை வழியா திரும்ப ஏறிடும்."

அன்று சாயங்காலமே குழந்தை வாந்தி எடுத்தாள்.

அவளைப் பார்க்க வந்திருந்தார் தையற்காரியின் அண்ணன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், விபத்தில் இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. இப்போது செயற்கைக் கால். பேண்ட் போட்டு நடந்தால் புதியவர்களுக்குத் தெரியாது.

"டெஸ்ட் எடுத்தியா?"

"ஐயா சுத்தமாயிடுச்சுன்னுட்டாருண்ணே. என் கண்ணால பார்த்தேன்."

"அப்படியா? எனக்கும் கொஞ்சம் இறக்கிக்கலாம்னு இருக்கு. காலையில மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."

மறுநாள் அண்ணன் வலது பாதத்தில் பெரிய கட்டோடு போய் உட்கார்ந்தார்.

"இந்தக் கால்ல காயம், தண்ணி படக் கூடாதுங்க. இன்னொண்ணு மட்டும் போதுங்களா?"

"தாராளமா! ரத்தம் உடம்பெல்லாம் சுத்தித்தானே வருது."

இடது கால் துணிக்கடியில் போனது. ஐயா சுவிட்சைத் தட்டினார். சற்று நேரத்தில் துணியை லேசாக விலக்கித் தண்ணீரை மட்டும் காட்டினார். பழுப்பு, அதன் மேல் நுரை! கூட்டம் வாயைப் பிளந்தது.

"ஈரல் நஞ்சு! அப்படியே இந்தக் காலுக்கு இறங்கி அடைச்சுக்கிட்டு இருக்கு. எரிச்சல் இருக்குமே?"

"ஒண்ணுமே தெரியலீங்க."

"பார்த்தீங்களா, உணர்ச்சியே செத்துப்போற அளவுக்கு முத்திடுச்சு!"

"அது உண்மைதாங்க."

"விடாம வந்து உக்காருங்க. இல்லேன்னா காலையே எடுக்க வேண்டியதாயிடும்."

"அதுக்கென்ன, இப்பவே எடுத்துடலாம்," என்று அண்ணன் குனிந்து முட்டியருகே இருந்த பெல்ட்டை அவிழ்த்தார். காலை எடுத்தார். சொட்டச் சொட்ட ஐயாவின் மடியில் வைத்தார்.

கறுப்புத் துணி நழுவி விழுந்தது. யாருடைய காலும் இல்லாத தொட்டியில் தண்ணீர் மட்டும் மும்முரமாகப் பழுப்பேறிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு இரும்புத் தகடு துருப்பிடித்துக் கரைந்துகொண்டிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது.

"பிளாஸ்டிக் காலுக்கு ஈரல் எங்கய்யா இருக்கு?" என்று யாரோ கேட்ட பிறகுதான் சிரிப்பு வெடித்தது.

தையற்காரியின் கணவன் பட்டுத் துணியை உருவினான். உள்ளே பேட்டரி.

"மச்சான், இது நம்ம பட்டறை பேட்டரி! மேல இருக்கற ஈயம் நான் பத்த வச்சது!"

நாளெல்லாம் பேட்டரியோடு மல்லுக்கட்டுகிறவர்கள். ஒரு பேட்டரிக்குப் பட்டு போர்த்தியதும் கும்பிட்டுவிட்டார்கள்!

தையற்காரி சிரிக்கவில்லை. "என் பொண்ணு மூணாவது தடவை உக்காந்தப்ப நீ சுவிட்சே போடலை, இல்ல?"

ஐயாவுக்கு வியர்த்தது. "முதலாளிதாம்மா சொன்னாரு... ஆளுங்க ரத்த டெஸ்ட்டுக்குப் போனா பட்டறைக்குச் சீல் வச்சிடுவாங்கன்னு..."

அவள் மீதியைக் கேட்க நிற்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே லேபுக்கு ஓடினாள். ஊசி குத்தியதும் குழந்தை அழுதாள். ஒரு சின்னக் குழாய் ரத்தம், அவ்வளவுதான். அது பொய் சொல்லவில்லை. இருக்கவே கூடாத ஈயம் ஏகத்துக்கும் இருந்தது.

"அப்பாவோட வேலைத் துணி வீட்டுக்கு வருதா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

தையற்காரி தலையாட்டினாள். ஈயத் தூள் படிந்த அந்தச் சட்டைகளின் கிழிசலைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் அவள் தைப்பாள்.

"நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. இன்னிக்கே வைத்தியம் ஆரம்பிச்சிடலாம்."

மறுநாள் லேப் வாசலில் வரிசை நின்றது. பட்டறை வாசலில் அதிகாரிகள் நின்றார்கள். முதலாளிக்குத் திடீரென்று நெஞ்சு வலி. அவர் மட்டும் தொட்டிக்குப் போகவில்லை. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், கேட்ட ரத்தத்தை எல்லாம் கொடுத்தார்.

அண்ணன் கழற்றி வைத்தது காலை. உண்மை வெளியே வந்தது. நீங்கள் செருப்போடு கழற்றி வைத்தீர்களே ஒன்று, அது இன்னும் அந்த வாசலில்தான் கிடக்கிறது. போய் எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள்!