மேடையின் இடது ஓரம்

வணக்கம் சொன்ன கையோடு பேராசிரியர் ஆரம்பித்த முதல் வாக்கியம் இன்னும் முடிந்தபாடில்லை. அவருக்குப் பக்கத்தில், மேடையின் இடது ஓரத்தில் நின்றிருந்த டீச்சரின் கைகள் இரண்டும் காற்றில் தொங்கின. வாக்கியம் முடிந்தால்தானே அதைச் சைகையில் சொல்ல முடியும்?

கீழே இடதுபக்க வரிசைகளில் ஊரின் காது கேளாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் திரட்டி வந்தவன் அவளுடைய தம்பி. தையல்காரன், அவனுக்கும் காது கேட்காது. முன்வரிசையிலிருந்து அவன் விரல்கள் அசைந்தன.

“என்னக்கா, கொசு பிடிக்கிறியா?”

“இருடா, சொல்றேன்.”

பள்ளி மாதாமாதம் ஊருக்காக இலவசமாக நடத்தும் பண்பாடு, சமூகநீதிச் சொற்பொழிவு அது. அதில் சைகைமொழியும் வேண்டும் என்று ஒரு வருஷம் நச்சரித்து அனுமதி வாங்கியிருந்தாள். தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: “இந்த ஒரு தடவை பாப்போம், டீச்சர். அவங்க பாதியில எழுந்து போயிட்டா அத்தோட விட்டுரணும்.”

இன்றைய தலைப்பு ‘குரலற்றவர்களின் குரல்’.

“விளிம்புநிலையின் மௌனத்துக்குள் உறைந்திருக்கிற வரலாற்றை மறுவாசிப்புச் செய்யும்போது எழுகிற கேள்விகளின் ஊடாக…” என்று பேராசிரியர் கண்களை மூடிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

அவள் கைக்கு வந்ததைச் சொன்னாள். மௌனம். வரலாறு. கேள்வி.

“மளிகைக் கடையில சாமான் கேக்கிற மாதிரி இருக்கு” என்றான் தம்பி.

பின்வரிசையில் ஒருவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

அதை அவள் பார்த்துவிட்டாள். பேராசிரியரை அப்படியே விட்டுவிட்டுத் தம்பி வங்கிக்குப் போன கதையை எடுத்தாள். காது கேட்காது என்று அவன் எழுதிக் காட்டிய பிறகும், கவுண்டர்க்காரர் நாற்காலிமேல் ஏறாத குறையாகக் கத்திய கதை. நோட்டு எண்ணிக் காட்டி, கன்னத்தை உப்பி, கழுத்து நரம்பு புடைக்க, சத்தமே இல்லாமல் கத்திக் காட்டினாள்.

இடதுபக்கம் குலுங்கியது. பை தோளிலிருந்து இறங்கியது.

இத்தனை வருஷமும் அடுத்தவர் சொற்களை மட்டுமே சுமந்த கைகள். சொந்தமாக ஒரு சொல் விரலுக்கு வந்ததும் உடம்பே லேசானது. செய்வது திருட்டு என்றும் தெரிந்தது. தெரிந்தும் விரல்கள் நிற்கவில்லை.

பேராசிரியர் அப்போது நூற்றாண்டுகளின் கண்ணீரில் இருந்தார். சிரிப்புச் சத்தம் காதில் விழ, நெற்றி சுருங்கியது. ஆனாலும் கண் திறக்கவில்லை. வலதுபக்கம் உட்கார்ந்திருந்த, காது கேட்கும் ஊர்க்காரர்களின் தலைகள் ஒவ்வொன்றாக அவள்பக்கம் திரும்பின.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து அவசரமாகக் கதையை முடிக்கப் பார்த்தாள்.

“ஏய், நிறுத்தாதே! நான் வர்ற இடமே இன்னும் வரல!” என்று மேடையில் ஏறிவிட்டான் தம்பி.

“இறங்குடா! மானம் போகுது!”

“வங்கியிலயே போயாச்சு. இனிமே என்ன?”

அவன் தன் வேடத்தைத் தானே கட்டினான். கத்திக் களைத்த கவுண்டர்க்காரருக்கு அவனே தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிய இடம் வந்தபோது, வலதுபக்கத்துக்காரர்கள் எழுந்து இடதுபக்கம் வர ஆரம்பித்தார்கள். சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று அவள் நினைத்தாள். கடைசியில் தலைமையாசிரியையும் எழுந்து வந்து ஓரமாக நின்றுகொண்டார்.

போச்சு, எல்லாம் போச்சு.

பேராசிரியர் முடித்துக் கண்ணைத் திறந்தார். காது கேளாதவர்கள் இரு கைகளையும் உயர்த்தி அசைத்தார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். அதைப் பார்த்து மற்றவர்களும் கைகளை உயர்த்த, அரங்கம் முழுக்க விரல்கள் ஆடின. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியை மேடையேறி நேராக அவளிடம் வந்தார்.

“மேடம், நான் என்ன செஞ்சேன்னா…”

“ஒருத்தர்கூட எழுந்து போகல, டீச்சர்! அந்த வங்கிக் கதைய ஐயா எவ்வளவு அழகாச் சொன்னாரு! இனிமே எல்லா மாசமும் நீங்க இருக்கணும்.”

பேராசிரியர் ஐயா எங்கே வங்கிக் கதை சொன்னார்? ஒயரைச் சுருட்டிக்கொண்டே ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் வந்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க, டீச்சர். ‘அனைவருக்கும் வணக்கம்’னு ஐயா சொன்னதோட மைக் போயிருச்சு, அப்புறம் கடைசிவரைக்கும் நாங்க எல்லாரும் உங்க கையத்தான் கேட்டுக்கிட்டிருந்தோம்.”