தலையில் முடி இருக்கும்போதே வரவும்

ஏழாம் நம்பர் கட்டில்,
மூன்றாம் மாடி, கீமோ வார்டு.
வியாழக்கிழமை, காலை எட்டரை மணி.

ஆனைகட்டியில் சகல சௌக்கியத்துடனும் இருக்கும் மாமன் மகன் கிட்டுச்சாமி அவர்களுக்கு, வேலந்தாவளம் ஆறுச்சாமி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவது முறை. இங்கு நான் நலமில்லை. தங்கள் நலமறிய எனக்கு ஆவலும் இல்லை. ஆனாலும் முறையை விட்டது எங்கள் பக்கம் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்பதால் அந்த இரண்டு வரியையும் எழுதியதாகவே வைத்துக்கொள்ளவும். தங்கள் மனைவி, மக்கள், எருமை ஆகியோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

விஷயம் இதுதான். கழுத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பாலக்காட்டுக்குக் கொண்டுவந்து காட்டியதில் நிணநீரில் வந்த புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டுமாம். முதல் தடவை ஆகிவிட்டது, கட்டியும் பாதியாகிவிட்டது. அதற்குப் பிறகு ரத்தத்தில் அணு குறைந்து, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். திங்கட்கிழமை யாரோ ஒரு புண்ணியவான் வந்து கொடுத்த ரத்தத்தை ஏற்றினார்கள். இப்போது அணு ஏறிவிட்டதாம், இன்று பத்து மணிக்கு இரண்டாவது தடவை மருந்து. அதற்கான சம்மதப் பத்திரம் என் தலையணை மேல் கிடக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. நீ வந்து சேரும்வரை போடவும் மாட்டேன். ‘தாங்கள்’ என்று தொடங்கியது ‘நீ’ ஆகிவிட்டதைக் கவனித்தேன். அடித்துத் திருத்துவதாக இல்லை.

என் அம்மா ராமாத்தாள் உன் அப்பனுக்கு உடன்பிறந்தவள் என்பதாவது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு மூன்று வயதில் அம்மை போட்டு உயிர் போய் வந்தபோது, பிழைத்தால் மாமன் மடியில் உட்கார வைத்துப் பழனியில் முடி இறக்குவதாக அவள் நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்தேன், நாளும் குறித்தார்கள். மாமனை அழைப்பது என்றால் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு நேரில் போய், வாங்க என்று வாயால் சொல்ல வேண்டும். என் அப்பன் கடலைக்காய் பறிப்பை விட்டுவிட்டுப் போக முடியாது என்று சந்தைக்குப் போன வண்டிக்காரனிடம் சொல்லியனுப்பினார். அதற்கு உன் அப்பன் அதே வண்டிக்காரனிடம், “வண்டிக்காரன் கூப்புட்டா வண்டிக்காரன் மடியிலயே உக்கார வெச்சுக்கச் சொல்லு” என்று பதில் சொல்லியனுப்பினார். அன்றைக்கு நீ பிறக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பன் தோட்டத்தை வாங்கிக்கொண்டவன் அப்பன் பேச்சையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அம்மா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “மாமனூட்டு ஆளு வந்து உக்காந்தா எறக்கு சாமி. வராட்டி நீயாப் போயி எறக்கிறாத. முருகன் காத்திருப்பாரு” என்றாள். முருகன் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். எழுபது வருஷமாக இந்தத் தலையில் கத்தரிக்கோலைத் தவிர ஒன்றும் பட்டதில்லை. அப்பன் செத்தபோது மீசையை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஊரே பேசியது, பேசட்டும் என்று விட்டேன். உன் அப்பனும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த மடி முறைப்படி உன்னுடையது. கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் நீயாக வந்து ஒரு வார்த்தை கேட்பாய் என்று பார்ப்பேன். நீ பந்தல்காலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். இப்படி எல்லோரும் பொறுமையாக இருந்த இடத்தில், இந்த மருந்து மட்டும் பொறுக்க மாட்டேன் என்கிறது.

செவ்வாய்க்கிழமை தலை சீவினேன், சீப்போடு ஒரு பிடி வந்தது. நேற்று துண்டோடு வந்தது. இன்று எழுந்து பார்த்தால் தலையணை ஒரு கிடாக்குட்டி படுத்து எழுந்துபோன மாதிரி இருக்கிறது. இரண்டாவது மருந்தும் ஏறினால் மிச்சம் இருப்பது மூன்று நாள் தாங்காது என்று நர்ஸ் ஷீனாவே சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரி முத்தாத்தாள் உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி ஒரு மருந்துக் கவரில் போட்டு வைத்துக்கொண்டு, “இதையே பழனியில குடுத்துட்டாப் போதாதுங்களா?” என்று கேட்கிறாள். உதிர்ந்தது வேறு, இறக்கியது வேறு. தானாக விழுந்த குரும்பையைக் கொண்டுபோய்த் தேங்காய் என்று யாராவது சாமிக்கு உடைப்பார்களா?

பழனிக்குப் போய்வர டாக்டரம்மாவிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். “பொள்ளாச்சி வழியாப் போனா பொழுது சாயறதுக்குள்ள திரும்பி வந்தர்றனுங்கம்மா” என்றேன். இங்கே அப்பா என்பதை அச்சா என்கிறார்கள். “அச்சா, கூட்டத்துக்குள்ள போகவே கூடாது. தலையில கத்தி படக்கூடாது. ஒரு கீறல் விழுந்தா ரத்தம் நிக்காது” என்றார். அப்படியானால் மருந்தைப் பத்து நாள் தள்ளி வையுங்கள் என்றேன். அந்தம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, “முடி போனா திரும்ப வரும். மருந்தைத் தள்ளினா கட்டி திரும்ப வரும். எது வேணும்?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கத்தியில்லாமல் மெஷின் வைத்து இங்கேயே எடுக்க, என்றைக்குச் சொன்னாலும் நாலு மணிக்கு ஆளை வரச் சொல்வதாகவும், மாஸ்க் போட்டுக்கொண்டு ஒரே ஒரு உறவுக்காரர் மட்டும் உள்ளே வரலாம் என்றும் இறங்கி வந்தார். அந்த ஒரே ஒரு உறவுக்காரரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எட்டாம் நம்பர் கட்டில்காரர் பெயர் ஆசீர்வாதம். மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலை பேக்டரியில் நாற்பது வருஷம் இருந்தவர். மூன்று தடவை மருந்து ஏறித் தலை பித்தளைச் செம்பு மாதிரி ஆகிவிட்டது. என் கதையைக் கேட்டுவிட்டு, “நானும் வேளாங்கண்ணிக்கு மொட்டை நேந்திருந்தேன் அண்ணாச்சி. மாதா எளகுன மனசுக்காரி, அவ்வளவு தூரம் அலைய விடாம கட்டில்லயே எடுத்துக்கிட்டா. உம்ம முருகன்தான் கண்டிப்பா இருக்காரு” என்றார். “மாமன்மாரு வரலைன்னா சொல்லும், நான் மடியில வச்சுக்கிடுதேன். என்ன, எலும்பு கொஞ்சம் குத்தும்” என்றும் சொன்னார். அந்த மனிதர் போன வாரம் சர்ச்சில் பேத்தியின் முதல் திருவிருந்து என்று டாக்டர் சொல்லைக் கேட்காமல் எஸ்டேட்டுக்குப் போய் நூறு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னோடு பேசிக்கொண்டே இருந்தவருக்குக் காய்ச்சல் ஏறி, பல் கிட்டித்து உடம்பு தூக்கிப் போட்டது. நாலு பேர் ஓடி வந்து கட்டிலோடு உருட்டிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் வேறு கட்டில் வந்து விரிப்பும் மாற்றிவிட்டார்கள். அதில் இன்னும் யாரையும் படுக்க வைக்கவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.

எனக்கும் உடம்பு தூக்கிப் போட்டிருக்கிறது, அது என் கைங்கரியம். முதல் தடவையில் ஒரு மருந்தை எண்ணி எண்ணி விட்டார்கள். நான் சொட்டுநீர் போட்டு இருநூறு தென்னை வளர்த்தவன். இந்த வேகத்தில் விட்டால் ஒரு கன்று கூடப் பிழைக்காது என்று தோன்றியது. குழாயில் இருந்த உருளையைச் சித்தெ தளர்த்திவிட்டேன். கால் மணி நேரத்தில் கட்டில் என்னையும் தூக்கிக்கொண்டு ஆடியது. ஷீனா ஓடி வந்து நிறுத்தி, இரண்டு ஊசி போட்டு, மூன்று கம்பளி போர்த்தி, கடைசியில் அவளே அழுதுவிட்டாள். “அச்சா, இனி அதில தொடருது!” என்றாள். தொடக்கூடாது என்று அதற்கு அர்த்தம். வெளியில் ஒத்துக்கொள்ளவில்லையே தவிர, அன்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

முத்தாத்தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் அவள் கண்ணை மூடவில்லை. எனக்குக் கஞ்சி, வாந்திக்குச் சட்டி, வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீர் என்று நிற்கிறாள். இதற்கு நடுவில் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவதும், காலியாகக் கொண்டு வருவதுமாகவும் இருக்கிறாள். யாருக்கு என்று கேட்டால், “வெளிய ஒரு பெரியவரு சேர்லயே உக்காந்திருக்காருங்க. மூணு நாளாச்சு, பாவம்” என்கிறாள். பார்த்தாயா கிட்டுச்சாமி, யாரோ ஒரு மனிதர், யாருக்காகவோ, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் வீடு வாசல் இருக்கும், முதுகு வலிக்கும். அந்த மனிதரைப் பார்த்தாவது நீ நாலு விஷயம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நேற்று அவளிடம் என் முடிவைச் சொன்னேன். கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஏனுங்க, உங்கம்மா நேந்தது உங்க உசுருக்கோசரம். முடிக்கோசரமில்லீங்க. நாளைக்கு நீங்க அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடாட்டி, நானு இந்த மூட்டையக் கட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போயர்றேன். நீங்களும் உங்க முடியும் இருந்துக்குங்க.” நான் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன். வாயெல்லாம் புண்ணாக இருந்ததுதான் காரணம். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. மணி ஒன்பதே முக்கால் ஆகிறது, மூட்டையையும் கட்டி வைத்துவிட்டாள்.

நேரில் வந்து அழைக்காமல் கடிதத்தில் அழைக்கிறானே, அப்பன் புத்தி போகுமா என்று நீ சொல்வாய். இந்த வார்டுக் கதவைத் தாண்ட எனக்கு அனுமதி இல்லை. அதற்காக, கீழே கடையிலிருந்து வாங்கி வரச் சொல்லி இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் உறைக்குள் வைத்தேன். ஷீனா அதைப் பிடித்துவிட்டாள். பச்சையிலை, பழம், பூ எதுவும் வார்டுக்குள் வரக்கூடாதாம், அதில் கிருமி இருக்குமாம். எழுபது வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கிளம்பிய வெற்றிலை இப்போது நர்சம்மா மேஜை டிராயருக்குள் இருக்கிறது. வெறும் உறையாக வருகிறது என்று இளப்பமாக நினைக்காதே. மடி தாங்குமோ என்றும் யோசிக்காதே. நான் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன்.

பழனியாண்டவர் கிருபையால் உன் குடும்பம் மழை தப்பாமல், பால் வற்றாமல், இந்தக் கதவுப் பக்கமே வர வேண்டிய அவசியம் இல்லாமல் வாழட்டும். நீ மட்டும் ஒரு தடவை வா.

இப்படிக்கு,
உன் அத்தை மகன்,
வே. ஆறுச்சாமி.

பின்குறிப்பு: மணி இரண்டரை. மேலே எழுதிய எதையும் அடிக்க மாட்டேன். ஆனால் அதில் ஒன்றும் இப்போது செல்லாது. காலையில் கடிதத்தை முடித்ததும், உறை மேல் எழுத உங்கள் விலாசத்தை முத்தாத்தாளிடம் கேட்டேன். மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவள் ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வெலாசம் எதுக்குங்க. கதவுக்கு அக்கட்ட, மூணாவது சேருன்னு எழுதுங்க” என்றாள். திங்கட்கிழமை வந்து ரத்தம் கொடுத்தது உங்கள் மகன் அருள்குமார் என்றும், அவனோடு வந்த நீங்கள் திரும்பிப் போகவே இல்லை என்றும், உள்ளே வரச் சொன்னதற்கு, “மச்சான் வாயால கூப்புடாம நானு உள்ள காலு வெக்க மாட்டனுங்க அக்கா” என்று சொல்லிவிட்டீர்கள் என்றும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் வெளியில் இருப்பது ஆசீர்வாதத்துக்குத் திங்கட்கிழமையே தெரியுமாம். அவருக்குக் காய்ச்சல் இறங்கிக் கஞ்சி கேட்டதாகவும், மொட்டை ஆயிற்றா என்று விசாரித்ததாகவும் ஷீனா வந்து சொன்னாள். இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று முத்தாத்தாள் நாற்பத்தெட்டு வருஷமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா வழியில் வந்திருக்கிறது. திங்கட்கிழமை உங்கள் வீட்டு ரத்தம் வேறு ஒரு பாட்டில் ஏறியிருக்கிறது, நான் என்ன செய்வேன்?

அந்த நிமிஷமே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சிவப்பு மருந்து ஏறி முடிந்து, இப்போது வெறும் உப்புத் தண்ணீர் ஓடுகிறது. உருளையை நான் தொடவில்லை. மெல்ல எழுந்து நடக்கலாம் என்று ஷீனா சொல்லிவிட்டாள். வெற்றிலையையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டி, கதவு வரைக்கும் மட்டும் என்று திருப்பிக் கொடுத்தாள். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். மறுபடியும் ஆள் விட்டு அழைக்கிறார்கள் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட வேண்டாம். இது அழைப்பு இல்லை, அழைக்க வருகிறேன் என்கிற தகவல் மட்டும். என் கட்டிலிலிருந்து கதவு பதினான்கு அடி. எனக்கு ஒரு கையில் பாட்டில் ஸ்டாண்டு இருக்கும், ஒரு கையில் வெற்றிலை இருக்கும். அந்தக் கதவோ உள்பக்கமிருந்து இழுத்தால்தான் திறக்கும், எனக்கு மூன்றாவது கை கிடையாது. ஆகவே மாப்பிள்ளை, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தயாராக இருங்கள். கதவுக் கண்ணாடியில் என் தலை தெரிந்ததும் நீங்கள் வெளியிலிருந்து தள்ளுங்கள்.